வெப் டெவலப்மென்ட்டுக்கு எந்த எடிட்டர் போடலாம்? (8 ஜிபி ரேம், புதுசா கத்துக்கிறேன்)

பிழை_404
எல்லாருக்கும் வணக்கம். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஓரளவு கைக்கு வந்துடுச்சு, ஜாவாஸ்கிரிப்ட் ஓடிட்டிருக்கு, அடுத்து ரியாக்ட் பக்கம் போகணும். லேப்டாப் விண்டோஸ், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி இருக்கு. இப்ப விஎஸ் கோட் தான் வச்சிருக்கேன், வீடியோல யாரு என்ன எக்ஸ்டென்ஷன் சொன்னாலும் போட்டுருவேன், க்ரோமும் சேர்த்து திறந்தா ஃபேன் கத்த ஆரம்பிச்சிடுது, டைப் பண்ற எழுத்து கொஞ்சம் லேட்டா தான் ஸ்கிரீன்ல வருது. கூட படிக்கிற ஒருத்தன் வெப்ஸ்டார்ம் தான் ப்ரொஃபஷனல்ங்கறான், இன்னொருத்தன் நியோவிம் போடு பறக்கும்ங்கறான், மூணாவது ஆளு இதெல்லாம் பழசு, ஏஐ எடிட்டருக்கு வான்னு சொல்றான். மூணு பேரும் அடிச்சுச் சொல்றாங்க. எதை எடுக்கலாம்? ஒரு தடவை எடுத்தா அப்புறம் மாத்தக்கூடாதுன்னு பாக்குறேன்.

சும்மா_எட்டிப்பாத்தேன்
எடிட்டர் சண்டை இழையா. ஓரமா உக்காந்துக்கிறேன், ஆரம்பிங்க.

எஸ்கேப்_கீ
நியோவிம் தான் தம்பி, யோசிக்கவே வேணாம். டெர்மினல்ல கண் மூடித் திறக்கிறதுக்குள்ள திறந்துடும், ரேம் சாப்பாடு கம்மி, மவுஸ் பக்கம் கையே போகாது. 2021ல வந்த 0.5 வெர்ஷன்லேருந்து லாங்குவேஜ் சர்வர் (ஆட்டோகம்ப்ளீட், எரர் எல்லாம் சொல்ற பின்னணி ப்ரோக்ராம்) சப்போர்ட் உள்ளயே இருக்கு, கான்ஃபிக் எல்லாம் லுவாங்கற லாங்குவேஜ்ல எழுதிக்கலாம். ஒரு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டா அப்புறம் வேற எதுலயும் கை ஓடாது.

அரைப்புள்ளி
எஸ்கேப்_கீ அண்ணே, பையன் இப்ப தான் ஜாவாஸ்கிரிப்ட்ல ப்ராமிஸ் கிட்ட முட்டிக்கிட்டு நிப்பான், அதுல லுவா கான்ஃபிக் வேறயா.

தம்பி, எடிட்டர மாத்துறதுக்கு முன்னாடி உன் மெஷின்ல எது தின்னுதுன்னு பாரு. ஹெல்ப் மெனுல ஓபன் ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர்னு ஒண்ணு இருக்கு, திறந்தா விஎஸ் கோட் குள்ள எந்த ப்ராசஸ் எவ்ளோ சிபியு எவ்ளோ மெமரி எடுக்குதுன்னு வரிசையா தெரியும். அதுல எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட்னு இருக்கிற வரி மேல ஏறி நின்னா பிரச்சனை நீ போட்டு வச்ச எக்ஸ்டென்ஷன்ல. எது என்னன்னு ஒண்ணொண்ணா அணைச்சுப் பாக்க வேண்டாம், கமாண்ட் பேலட்ல (கன்ட்ரோல் ஷிஃப்ட் பி) எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்னு தேடு. பாதியை அணைச்சுட்டு இப்ப சரியா இருக்கான்னு கேக்கும், பதில் சொன்னா மிச்சத்துல பாதியை அணைக்கும், அப்படியே பாதி பாதியாக் குறைச்சு கடைசியில குற்றவாளிய நிறுத்திடும். 32 எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் அஞ்சாறு கேள்வில முடிஞ்சிடும்.

அப்புறம் வீடியோல சொல்ற எக்ஸ்டென்ஷன்ல பாதி இப்ப தேவையே இல்ல, அந்த வீடியோவே பழசா இருக்கும். பிராக்கெட்டுக்கு கலர் போடுறது 2021லயே எடிட்டருக்குள்ள வந்துடுச்சு, டீமே உக்காந்து புதுசா எழுதினது, பெரிய ஃபைல்ல எக்ஸ்டென்ஷன விட 10,000 மடங்கு வேகம்னு அவங்க ப்ளாக் தலைப்புலயே போட்டாங்க. ஓபனிங் டேக் மாத்தினா க்ளோசிங் டேக் தானா மாறுறதுக்கு லிங்க்டு எடிட்டிங்னு ஒரு செட்டிங் இருக்கு, டிக் பண்ணினா போதும். எம்மெட் (சுருக்கமா அடிச்சா முழு எச்டிஎம்எல்லா விரிக்கிறது) பொறக்கும்போதே உள்ள இருக்கு. க்ரோம் டீபக்கருக்குன்னு தனியா ஒண்ணு போட்டிருந்தா அதையும் தூக்கு, ஜாவாஸ்கிரிப்ட் டீபக்கர் இப்ப கூடவே வருது.

எஸ்கேப்_கீ
அது சரி தான், ஆனா விஎஸ் கோட் எலக்ட்ரான்ல (ப்ரவுசர் டெக்னாலஜி வச்சு ஆப் செய்யுற அடித்தளம்) செஞ்சது, எலக்ட்ரான் எலக்ட்ரான் தானே. ஒரு டெக்ஸ்ட் ஃபைல் திறக்க ஒரு முழு ப்ரவுசர தூக்கிட்டு வருது.

அரைப்புள்ளி
வருது, இல்லன்னு சொல்லல. ஆனா ரியாக்ட், டைப்ஸ்கிரிப்ட் (டைப் சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட்)னு போகும்போது ரேம் போற இடம் எலக்ட்ரான் மட்டும் இல்லண்ணே. ஆட்டோகம்ப்ளீட், எரர்க்கு சிவப்புக் கோடு, எஃப்2 அடிச்சா ரீநேம், இதெல்லாம் செய்யுறது டிஎஸ் சர்வர்னு தனியா ஓடுற ஒரு நோட் ஜேஎஸ் ப்ராசஸ். வெறும் ஜாவாஸ்கிரிப்ட் எழுதினாலும் விஎஸ் கோட்ல அதே தான் ஓடும். பெரிய ப்ராஜெக்ட்ல அது மட்டுமே 1 ஜிபி தாண்டும், விஎஸ் கோட்ல அதுக்கு வச்சிருக்கிற உச்சவரம்பே 3072 எம்பி. நீங்க நியோவிம்ல டைப்ஸ்கிரிப்ட்டுக்கு வழக்கமா மாட்டுற லாங்குவேஜ் சர்வர் உள்ளுக்குள்ள எதை கூப்பிடுது? அதே டிஎஸ் சர்வர். ஸெட் எடிட்டர்லயும் சுத்தி வந்தா அங்க தான் வரும். எடிட்டர் மெலிசு, பின்னாடி ஓடுறது அதே கனம். இதைச் சொல்லாம "நியோவிம் 50 எம்பி தான்"னு ஸ்கிரீன்ஷாட் போடுறது கொஞ்சம் ஏமாத்து வேலை.

எஸ்கேப்_கீ
ஹிஹி. ஒத்துக்கிறேன், டிஎஸ் சர்வர் சேர்த்து ஸ்கிரீன்ஷாட் யாரும் போட மாட்டோம். ஆனா அந்தப் பிரச்சனையும் தீரப் போகுது, டைப்ஸ்கிரிப்ட் கம்பைலர கோ லாங்குவேஜ்க்கு மாத்துறோம்னு 2025 மார்ச்ல டைப்ஸ்கிரிப்டோட தலைமை ஆர்க்கிடெக்ட் ஆண்டர்ஸ் ஹேல்ஸ்பெர்க் அறிவிச்சாரு, 10 மடங்கு வேகம்னு பேச்சு. வந்ததுக்கப்புறம் எடிட்டர் மெலிசா இருக்கிறதோட அருமை தெரியும் பாருங்க.

டேப்_கட்சி
வெப்ஸ்டார்ம்க்கு யாருமே பேச மாட்டேங்கறீங்க, நானே வர்றேன். முதல்ல காசு விஷயம்: 2024 அக்டோபர்லேருந்து சொந்தமா கத்துக்க, வருமானம் இல்லாத வேலைக்கு வெப்ஸ்டார்ம் இலவசம். ஒரு கண்டிஷன், அந்த இலவச லைசென்ஸ்ல பெயரில்லாத யூசேஜ் டேட்டா போறதை அணைக்க முடியாது. அது ஓகேன்னா எடுத்துக்கலாம்.

ரெண்டாவது, "எல்லாம் ஒண்ணு தான், பின்னாடி அதே சர்வர் தான்"ங்கறதை ஏத்துக்க முடியாது. ஜெட்பிரெயின்ஸ் (வெப்ஸ்டார்ம் செய்யுற கம்பெனி) ஆளுங்க கோடை அலசுறதுக்கு சொந்த எஞ்சின் வச்சிருக்காங்க, ப்ராஜெக்ட் முழுசையும் இன்டெக்ஸ் பண்ணி வச்சுக்கும். அதனால ஒரு சிஎஸ்எஸ் கிளாஸ் பேரை மாத்தினா அது எச்டிஎம்எல்ல எங்க இருக்கு, ஸ்கிரிப்ட்ல எங்க இருக்குன்னு தேடிக் குடுக்கும், ஒரு கம்போனன்ட்ட ரெண்டா பிரிக்கணும்னா மெனுல இருந்தே பிரிக்கலாம், கிட்ல (கோட் மாற்றங்கள பதிவு பண்ற டூல்) மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வந்தா மூணு பக்கமும் காட்டி உக்காந்து சரி பண்ண விடும். எக்ஸ்டென்ஷன் தேடி அலையவே வேணாம், போட்ட உடனே எல்லாம் இருக்கும். இதோட பழகினவனுக்கு விஎஸ் கோட் எப்பவும் அரைகுறையா தான் தெரியும்.

நடுநிசி_டெப்லாய்
> போட்ட உடனே எல்லாம் இருக்கும்

இருக்கும், அதுக்கு 8 ஜிபி மெஷின்ல இடம் இருக்கான்னு தான் கேள்வி. ஜேவிஎம் (ஜாவா ப்ரோக்ராம் ஓட்டுற எஞ்சின்) மேல ஓடுது, இன்டெக்ஸ் பண்ணும்போது அடிக்கிற அடில க்ரோமும் டெவ் சர்வரும் கூடவே ஓடணும். 16 ஜிபி இருந்தா நானே வெப்ஸ்டார்ம் ட்ரை பண்ணிப் பாருன்னு தான் சொல்லுவேன்.

டேப்_கட்சி
8 ஜிபிக்கு கஷ்டம் தான், அதுல சண்டை இல்ல. ஆனா "ப்ரொஃபஷனல்"னு ஃப்ரெண்ட் சொன்னதை சும்மா தள்ளிடாதீங்கன்னு சொல்ல வந்தேன்.

பழைய_கீபோர்டு
இழைல ஒரு வரி என்னைய இழுத்துடுச்சு. "ஒரு தடவை எடுத்தா அப்புறம் மாத்தக்கூடாது." தம்பி, அந்த ஆசைய இப்பவே விட்டுடு.

நான் ட்ரீம்வீவர்ல ஆரம்பிச்ச ஆளு. அப்புறம் நோட்பேட் பிளஸ் பிளஸ், அது 2003ல வந்தது, இன்னிக்கும் உசுரோட இருக்கு, விண்டோஸ்ல ஒரு ஃபைல பட்டுனு திறந்து ஒரு வரி மாத்தணும்னா இப்பவும் அதான். அதுக்கப்புறம் சப்ளைம் டெக்ஸ்ட். இப்ப நீங்க எல்லாரும் கன்ட்ரோல் பி அடிச்சு ஃபைல் தேடுறது, கன்ட்ரோல் டி அடிச்சு ஒரே நேரத்துல பல இடத்துல கர்சர் வைக்கிறது, கமாண்ட் பேலட், இதை எல்லாம் ஊரறியப் பழக்கிவிட்டது சப்ளைம் தான். சி பிளஸ் பிளஸ்ல எழுதினது, இன்னிக்கும் பெரிய ஃபைல்னா அதைத் தான் திறப்பேன். விஎஸ் கோட் 20 எம்பியோ 3 லட்சம் வரியோ தாண்டினா கலர் போடுறத நிறுத்திடும், தெரியுமா? நிறுத்துறது சரியும் கூட, இல்லன்னா உறைஞ்சு போயிடும்.

அப்புறம் ஆட்டம் எடிட்டர். கிட்ஹப் விட்டது, 2014ல வந்தது, அன்னைக்கு எல்லாரும் இதான் எதிர்காலம்னு போனோம். அதுக்காகச் செஞ்ச அடித்தளம் தான் எலக்ட்ரான், முதல்ல அதோட பேரே ஆட்டம் ஷெல். 2015ல மைக்ரோசாஃப்ட் அதே எலக்ட்ரான எடுத்து விஎஸ் கோட் விட்டாங்க. 2018ல கிட்ஹப்பையே 750 கோடி டாலருக்கு வாங்கினாங்க. 2022 டிசம்பர் 15ல ஆட்டம மூடிட்டாங்க. அடோபி விட்ட பிராக்கெட்ஸ் அதுக்கு முந்தின வருஷமே போயிடுச்சு, லைவ் ப்ரிவியூ அதுல எவ்ளோ அழகா இருக்கும் தெரியுமா, சிஎஸ்எஸ் அடிக்க அடிக்க ப்ரவுசர்ல மாறும். இப்ப பாத்தா ஆட்டம் செஞ்ச அதே ஆளுங்க எலக்ட்ரானே வேணாம்னு ரஸ்ட்ல ஸெட் எழுதிட்டு இருக்காங்க. விம் (நியோவிம் இதுலேருந்து வந்தது தான்) மட்டும் 1991லேருந்து அசையாம நிக்குது, அதுக்குத் தாத்தா விஐ 1976. ஈமாக்ஸும் அதே 1976 தான், அந்தப் பக்கம் ஆளு யாரும் இன்னும் இழைக்கு வரல, வந்தா தனிக் கச்சேரி.

எதுக்கு இவ்ளோ சொல்றேன்னா, ஒவ்வொரு தடவை மாறும்போதும் கஷ்டப்பட்டவங்க யாருன்னு பாத்தா எல்லாத்தையும் எடிட்டருக்குள்ள புதைச்சு வச்சவங்க தான். ஃபார்மேட்டிங் ரூல் எடிட்டர் செட்டிங்ல, பில்ட் பண்ற பட்டன் ஒரு ப்ளகின்ல, கோட் துண்டுகள் அந்த எடிட்டருக்கு மட்டும் புரியுற ஃபார்மேட்ல. எடிட்டர் போச்சுன்னா எல்லாம் போச்சு.

நடுநிசி_டெப்லாய்
பழைய_கீபோர்டு அண்ணே சொல்றதை டீம் பக்கம் இருந்து சொல்றேன்.

எங்க டீம்ல எல்லாரும் வேற வேற எடிட்டர். ஒருத்தர் வெப்ஸ்டார்ம், ரெண்டு பேர் விஎஸ் கோட், ஒருத்தர் விம். யாருக்கும் யாரோடயும் தகராறு இல்ல, ஏன்னா ரூல் எல்லாம் ரெப்போகுள்ள (ப்ராஜெக்ட் கோட் மொத்தமும் இருக்கிற இடம்) இருக்கு. ரூட் ஃபோல்டர்ல ஒரு எடிட்டர்கான்ஃபிக் ஃபைல், டேபா ஸ்பேஸா எத்தனை ஸ்பேஸ், வரி முடிவு எது, என்கோடிங் யுடிஎஃப் 8ஆ, இதெல்லாம் அதுல நாலஞ்சு வரி. வெப்ஸ்டார்ம் அதைத் தானா படிக்கும், நியோவிம் 0.9லேருந்து தானா படிக்கும், விஎஸ் கோட்டுக்கு மட்டும் ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் போடணும். ப்ரிட்டியர் (கோட ஒழுங்கா அடுக்குறது), ஈஎஸ்லின்ட் (கோட்ல தப்பு காட்டுறது) ரெண்டும் பேக்கேஜ் டாட் ஜேசான்ல டெவ் டிபென்டென்சியா இருக்கும், கான்ஃபிக்கும் பக்கத்துலயே. எடிட்டர் சேவ் பண்ணும்போது அதைக் கூப்பிட்டா சந்தோஷம், கூப்பிடலன்னாலும் கமிட் போகும்போது அதே கமாண்ட் ஓடும்.

இதுல புதுசா வர்றவங்க மாட்டுற இடம் ஒண்ணு சொல்றேன். ப்ரிட்டியர் எக்ஸ்டென்ஷன் ப்ராஜெக்ட்ல ப்ரிட்டியர் இருந்தா அதை எடுக்கும், இல்லன்னா தன்கூட வந்த வெர்ஷன எடுக்கும். அதே மாதிரி விஎஸ் கோட் தன்கூட ஒரு டைப்ஸ்கிரிப்ட் கொண்டு வருது, உன் ப்ராஜெக்ட்ல இருக்கிற வெர்ஷன் வேறயா இருந்தா எடிட்டர்ல எரர் இல்ல, டெர்மினல்ல பில்ட் பண்ணினா எரர், இல்ல உல்டா. "யூஸ் வொர்க்ஸ்பேஸ் வெர்ஷன்"னு தேர்ந்தெடுத்தா தான் ரெண்டும் ஒண்ணு பேசும். இது தெரியாம எடிட்டர் மேல பழி போட்டு வேற எடிட்டருக்கு ஓடினவங்கள பாத்திருக்கேன், அங்கயும் அதே பிரச்சனை காத்துட்டு இருந்துச்சு.

விண்டோஸ்னு சொன்னதால இன்னொண்ணு. வரி முடிவு சிஆர்எல்எஃப்பா (விண்டோஸ் பாணி) மாறி கிட் டிஃப்ல ஃபைல் முழுக்க மாறின மாதிரி காட்டும். கிட்ஆட்ரிப்யூட்ஸ் ஃபைல்ல ஒரு வரி போட்டு எல்எஃப்னு (லினக்ஸ் பாணி) கட்டிடு.

சும்மா_எட்டிப்பாத்தேன்
டேப்_கட்சி டேபா ஸ்பேஸாங்கற இடத்துல வருவாருன்னு பாத்தேன், கம்முனு இருக்காரு.

டேப்_கட்சி
ப்ரிட்டியர் டீஃபால்ட்டே 2 ஸ்பேஸ். தோத்துப் போன கட்சி சார் எங்களது.

செவிவழி
இங்க எல்லாரும் வேகம், ரேம்னு பேசுறீங்க, வேற ஒரு பக்கம் சொல்லிடறேன். எனக்குப் பார்வை இல்ல, என்விடிஏ ஸ்கிரீன் ரீடர் வச்சு தான் கோட் எழுதுறேன். எனக்கு எடிட்டர் தேர்வு ரொம்ப சின்ன லிஸ்ட். சப்ளைம் எவ்ளோ வேகமா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல, அது தன் ஸ்கிரீன தானே வரைஞ்சுக்கிறது, ஸ்கிரீன் ரீடருக்கு அங்க படிக்க ஒண்ணும் கிடைக்காது. எலக்ட்ரான் ப்ரவுசரத் தூக்கிட்டு வருதுன்னு எஸ்கேப்_கீ சொன்னாரே, அந்த ப்ரவுசர் கூட வர்ற அக்சஸிபிலிட்டி தான் எனக்குச் சோறு போடுது.

விஎஸ் கோட்ல ஆல்ட் எஃப்1 அடிச்சா நாம நிக்கிற இடத்துக்கு என்னென்ன கீ வேலை செய்யும்னு சொல்லும், ஆல்ட் எஃப்2 அடிச்சா மவுஸ் வச்சா வர்ற குறிப்பு, டெர்மினல் அவுட்புட் எல்லாம் வரி வரியா படிக்கிற மாதிரி தனியா திறக்கும். எரர் இருக்கிற வரிக்குப் போனா ஒரு சத்தம், பிரேக்பாயின்ட் இருந்தா வேற சத்தம். டேப் கீ எடிட்டருக்குள்ளயே மாட்டிக்கும், கன்ட்ரோல் எம் அடிச்சா வெளிய வர விடும். கண்ணு தெரியுறவங்களும் அந்தச் சத்தங்கள ஆன் பண்ணிப் பாருங்க, ஸ்க்ரோல் பண்ணி சிவப்புக் கோடு தேடுற வேலை குறையும்.

பழைய_கீபோர்டு
இது எனக்குப் புது தகவல், இன்னைக்கே ஆன் பண்றேன். நன்றி செவிவழி.

எஸ்கேப்_கீ
எலக்ட்ரான் விஷயத்துல இந்த ஒரு அடி நான் வாங்கிக்கிறேன். டெர்மினல்ல விம் வச்சுக்கிட்டு ஸ்கிரீன் ரீடர் ஓட்டுறவங்களும் இருக்காங்க, ஆனா ஆட்டோகம்ப்ளீட் பாப்அப் வந்தா எல்லாம் கலைஞ்சு போகும்னு கேள்விப்பட்டிருக்கேன்.

பிழை_404
அரைப்புள்ளி அக்கா, பைசெக்ட் பண்ணிட்டேன்! ஒரு எக்ஸ்டென்ஷன் தான், பேரு சொல்ல வேணாம்னு நினைக்கிறேன், எழுத எழுத ஃபைல் மொத்தத்தையும் ஸ்கேன் பண்ணுது போல. அதைத் தூக்கினதும் எழுத்து உடனே வருது. நீங்க சொன்ன பிராக்கெட் கலர், டேக் ரீநேம் எல்லாம் எடுத்துட்டு உள்ள இருக்கிறத ஆன் பண்ணிட்டேன். இப்ப ஈஎஸ்லின்ட், ப்ரிட்டியர், எடிட்டர்கான்ஃபிக், கிட் ஹிஸ்டரி காட்டுறது, அவ்ளோ தான் மிச்சம்.

ரெண்டு கேள்வி. ஒண்ணு, ஏஐ எடிட்டர் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல. ரெண்டாவது, தமிழ்ல ஒரு பேஜ் செய்றேன், எடிட்டர்ல தமிழ் எழுத்து பக்கத்துல இருக்கிற இங்கிலீஷோட ஒட்டாம அசிங்கமா தெரியுது, டெர்மினல்ல கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போகுது.

அரைப்புள்ளி
தமிழ் கேள்வி ஈசி, முதல்ல அது. கோடுக்குப் போடுற மோனோஸ்பேஸ் ஃபான்ட்ல பெரும்பாலும் தமிழ் எழுத்தே இருக்காது, சிஸ்டம் எதையோ எடுத்து ஒட்டும். செட்டிங்ஸ்ல ஃபான்ட் ஃபேமிலில உன் கோட் ஃபான்ட் முதல்ல, கமா போட்டு அடுத்து நோட்டோ சான்ஸ் தமிழ் குடு. தமிழ் எழுத்து அகலம் சமமா வராது, நெடுவரிசை கொஞ்சம் நகரத் தான் செய்யும், பழகிக்கோ. டெர்மினல்ல நிறைய ஆப் ஒரு கட்டத்துக்கு ஒரு குறின்னு வைக்கும், நம்ம எழுத்து அப்படி இல்லையே, அதான் கொம்பு பிரியுது. ஃபைல் கெடல, காட்டுறது தான் கெட்டிருக்கு. தமிழ் உள்ளடக்கம் நிறைய இருந்தா டெர்மினல் எடிட்டர் வேணாம்ங்கறதுக்கு எனக்கு இது ஒண்ணே போதும். ஃபைல் யுடிஎஃப் 8ல சேவ் ஆகுதான்னு கீழ இருக்கிற பட்டைல பாத்துக்கோ, எச்டிஎம்எல் ஹெட்ல சார்செட் மெட்டா டேக் விட்டுடாத, விட்டா ப்ரவுசர்ல தமிழ் கன்னாபின்னான்னு வேற குறிகளா வரலாம்.

நடுநிசி_டெப்லாய்
ஏஐ பத்தி. கர்சர், வின்ட்சர்ஃப் ரெண்டும் புது எடிட்டர்னு நினைக்காத, விஎஸ் கோட்டோட ஓபன் சோர்ஸ் கோட எடுத்து அதுமேல கட்டினது. அந்த சோர்ஸ் எம்ஐடி லைசென்ஸ்ல இருக்கிறதால யாரும் எடுத்துக்கலாம். ஆனா மைக்ரோசாஃப்டோட எக்ஸ்டென்ஷன் மார்க்கெட்பிளேஸ் விதிப்படி அவங்க ப்ராடக்ட்டுக்கு மட்டும் தான், அதனால வெளிய இருக்கிற ஃபோர்க் எல்லாம் வழக்கமா ஓபன் விஎஸ்எக்ஸ்ங்கற இன்னொரு இடத்தை நம்பும். விஎஸ்கோடியம்னு டெலிமெட்ரி (யூசேஜ் டேட்டா அனுப்புறது) எடுத்துட்டு வர்ற பில்டுக்கும் இதே நிலைமை தான். ரிமோட் எஸ்எஸ்எச் மாதிரி மைக்ரோசாஃப்டோட சொந்த எக்ஸ்டென்ஷன் சிலது லைசென்ஸ்படி அதுல ஓட்டக்கூடாது. மத்தபடி நீ இப்ப கத்துக்கிற கீ, செட்டிங் எல்லாம் அங்கயும் செல்லும், அதனால பின்னாடி போனாலும் நஷ்டம் இல்ல.

டேப்_கட்சி
கத்துக்கிற காலத்துல அதை அணைச்சு வை தம்பி. நீ ஃபங்ஷன் பேரு அடிச்சு முடிக்கிறதுக்குள்ள சாம்பல் கலர்ல மிச்சம் 10 வரி வந்து நிக்கும், டேப் தட்டுவ, ஓடும். ஏன் ஓடுச்சுன்னு கேட்டா தெரியாது.

அரைப்புள்ளி
முழுசா அணைக்கணும்னு நான் சொல்ல மாட்டேன். தானா வர்ற இன்லைன் சஜெஷன மட்டும் அணைச்சுட்டு சாட் பக்கத்த வச்சுக்கோ. நீயா எழுதிப் பாத்து, ஓடலன்னா போய் ஏன்னு கேளு. ஒரு எரர் மெசேஜ விளக்கச் சொல்றதுக்கு அது ரொம்ப நல்ல ஆளு. அதோட பிரேக்பாயின்ட் வைக்கக் கத்துக்கோ, அது தான் எனக்கு ஆத்தாமை. வருஷக்கணக்கா வேலை பாக்குறவங்களே கன்சோல் லாக் போட்டுத் தேடிட்டு இருப்பாங்க. விஎஸ் கோட்ல ஜாவாஸ்கிரிப்ட் டீபக் டெர்மினல்னு ஒண்ணு திறந்து அதுல உன் நோட் ஸ்கிரிப்ட் ஓட்டினா கான்ஃபிக் ஒண்ணும் எழுதாமலே பிரேக்பாயின்ட்ல நிக்கும், வேரியபிள்ல என்ன இருக்குன்னு பாத்துக்கலாம். எந்த எடிட்டர்ங்கறதுக்கு நீ செலவழிச்ச நேரத்துல பாதியை இதுக்குக் குடுத்தா ப்ராமிஸும் புரிஞ்சிடும்.

டேப்_கட்சி
நான் இன்னும் அணைச்சு வைன்னு தான் சொல்லுவேன். டீபக்கர் விஷயத்துல மட்டும் கூட நிக்கிறேன்.

நடுநிசி_டெப்லாய்
வேலைக்குப் போன இடத்துல ஏஐ யூஸ் பண்ணணும்னா முதல்ல கேட்டுக்கோ, நீ திறந்து வச்சிருக்கிற ஃபைல் சர்வருக்குப் போகுது, என்வ் ஃபைல்ல பாஸ்வேர்ட் இருந்தா அதுவும் சேர்ந்து போக வாய்ப்பு இருக்கு.

எக்ஸ்டென்ஷனும் இதே கதை தான், இதை இங்க யாரும் சொல்லல. விஎஸ் கோட் எக்ஸ்டென்ஷனுக்கு மொபைல் ஆப் மாதிரி கேமராவுக்கு அனுமதி, ஃபைலுக்கு அனுமதின்னு தனித்தனியா கேக்குற வேலை எல்லாம் கிடையாது. உனக்கு என்ன அதிகாரமோ அது எல்லாம் அதுக்கும் இருக்கு: ஃபைல் படிக்கலாம், நெட்ல அனுப்பலாம், வேற ப்ரோக்ராம் ஓட்டலாம். பப்ளிஷர் பேருக்கு பக்கத்துல நீல டிக் இருந்தா அந்த டொமைன் அவங்களோடதுன்னு மட்டும் தான் அர்த்தம், கோட யாரோ படிச்சுப் பாத்து சர்டிஃபிகேட் குடுத்தாங்கன்னு இல்ல. பிரபலமான பேருக்கு ஒரு எழுத்து மாத்தி டூப்ளிகேட் விடுறதும் நடக்குது. அதனால பேரை சர்ச்ல அடிச்சு முதல்ல வர்றதப் போடாத, அந்த டூலோட சொந்த சைட்டுக்குப் போய் அங்க இருக்கிற லிங்க் வழியா வா.

யாரோ அனுப்பின ப்ராஜெக்ட் ஃபோல்டர் திறக்கும்போது "இதை எழுதினவங்கள நம்புறீங்களா"ன்னு கேக்கும்ல, 2021ல வந்த வொர்க்ஸ்பேஸ் ட்ரஸ்ட் அது. எல்லாரும் எஸ் தட்டிட்டுப் போயிடறாங்க. நோ குடுத்தாலும் கோட் படிக்கலாம், டாஸ்க், டீபக், சில எக்ஸ்டென்ஷன் இதெல்லாம் நிக்கும். வேலைக்கு டெஸ்ட்னு சொல்லி ரெப்போ அனுப்பி அதுக்குள்ள விஷம் வைக்கிற ஆளுங்க இருக்காங்க, வேலை தேடும்போது ஞாபகம் வச்சுக்கோ.

சும்மா_எட்டிப்பாத்தேன்
பாப்கார்ன் சண்டைக்கு வந்தேன், போய் எக்ஸ்டென்ஷன் லிஸ்ட் பாத்துட்டு வர்றேன். எதுக்குப் போட்டேன்னே தெரியாத ஐட்டம் வண்டி வண்டியா கிடக்கு.

எஸ்கேப்_கீ
கடைசியா என் கட்சிக்கு ஒரு ஓட்டு கேட்டுக்கிறேன் தம்பி. எடிட்டர் எதுவா வேணாலும் வச்சுக்கோ, விம் கீ மட்டும் மெதுவா பழகிக்கோ. விஎஸ் கோட்ல விம் எக்ஸ்டென்ஷன் இருக்கு, உண்மையான நியோவிமையே பின்னாடி ஓட விடுறதும் இருக்கு, வெப்ஸ்டார்ம்ல ஐடியாவிம், ஸெட்ல உள்ளயே இருக்கு. எந்த எடிட்டர மூடினாலும் விரல்ல இருக்கிறது போகாது. எப்படியும் ஒரு நாள் சர்வருக்குள்ள போய் ஒரு கான்ஃபிக் மாத்த வேண்டி வரும், அங்க பெரும்பாலும் விஐ மட்டும் தான் இருக்கும். வெளிய வர எஸ்கேப், கோலன், க்யூ, ஆச்சரியக்குறி. மாத்தினது சேவ் ஆகாது, ஆனா தப்பிச்சுடுவ.

பிழை_404
இப்போதைக்கு விஎஸ் கோட்லயே இருக்கேன், ரேம் 16 ஆனதும் வெப்ஸ்டார்ம் ஒரு கை பாக்கணும். எல்லாருக்கும் நன்றி.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். யுஎல் அடிச்சு கிரேட்டர் தேன் குறி, எல்ஐ, நட்சத்திரம், 5 போட்டு டேப் தட்டினா எச்டிஎம்எல் ஃபைல்ல லிஸ்ட் அப்படியே விரியுது, அதையே ரியாக்ட் கோர்ஸ்ல குடுத்த ஜேஎஸ் ஃபைல்ல அடிச்சா ஒண்ணும் வரல. எம்மெட் எக்ஸ்டென்ஷன் தனியா போடணுமா?

அரைப்புள்ளி
போடாத போடாத, இப்ப தானே குறைச்ச. எம்மெட் ஜேஎஸ்எக்ஸ் ஃபைல்ல தானா வேலை செய்யும், வெறும் ஜேஎஸ்னு முடியுற ஃபைல எடிட்டர் சாதா ஜாவாஸ்கிரிப்ட்னு நினைக்குது. ஃபைல் பேரை ஜேஎஸ்எக்ஸ்னு மாத்து, இல்லன்னா செட்டிங்ஸ்ல எம்மெட் இன்க்ளூட் லாங்குவேஜஸ்னு தேடி ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு நேரா ஜாவாஸ்கிரிப்ட் ரியாக்ட்னு போடு. ரெண்டுல முதல் வழி நல்லது, வைட் (ப்ராஜெக்ட் ஆரம்பிச்சுக் குடுக்கிற டூல்) வச்சு ப்ராஜெக்ட் போட்டா எப்படியும் ஜேஎஸ்எக்ஸ்னு தான் பேர் வைக்கச் சொல்லும்.